விரதம் என்று சொன்னவர்கள்

நாங்கள் பருத்தித்துறையில் கடற்றொழில் செய்யும் குடும்பம். வேலையிடத்துத் தோழிகள் சுதாவும் வாணியும் மானிப்பாயிலிருந்து முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கோழியையும் உருளைக்கிழங்கையும் அடுக்கி, மேலே சீஸ் தூவி, அவண் அடுப்பில் பொன்னிறமாகச் சுட்டெடுத்திருந்தேன்.

“ஐயோ, இண்டைக்கு எங்களுக்கு விரதமெல்லே! சொல்ல மறந்துபோனம். கோவிக்காதையடி,” என்றாள் சுதா.

“ஓமடி, இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிடுறம்,” என்றாள் வாணி.

நம்பினேன். அவர்கள் போனபின் சுதாவின் குடை கதிரையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பக்கத்துக் கடையில் இருவரும் கோழிக் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பசிச்சிட்டுதடி...” என்று இழுத்தாள் சுதா. குடையை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில், அவர்களுக்கு நான் கொடுத்த தண்ணீரும் கிளாஸ்களில் விளிம்புவரை அப்படியே இருந்தது. விரதக்காரர் தண்ணீர் குடிப்பார்கள். இவர்கள் எங்கள் வீட்டுத் தண்ணீரைத்தான் குடிக்க மாட்டார்கள்.