கருமணல் மேல் சிவப்பு

அவர் பெயிண்டர், அவள் சலவைக்கடைக்காரி. முப்பது வருடம் அவர் சுவர்களுக்கு நிறம் ஏற்றினார், அவள் சட்டைகளில் கறை எடுத்தாள். "நான் பூசுறதையெல்லாம் நீ வெளுத்துத் தள்ளுற" என்று அவர் கேலி செய்யாத நாளில்லை.

பிள்ளை இல்லாத அந்த வீட்டின் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் விரல் நகமளவுச் சிவப்பு இறால்கள். ஒரு மழைநாளில், தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று, முதல் பத்து இறாலைப் பிளாஸ்டிக் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்து நின்றாரே, அந்த முகத்தை அவளால் இன்றும் மறக்க முடியவில்லை. "இந்தச் சிவப்பை எந்த டப்பாவிலயும் கலக்க முடியாதுடி!"

பிறகு அவர் கண்களில் புரை விழுந்தது. ஒரே சுவரில் இரண்டு பச்சை அடித்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. ஆபரேஷனுக்காக அக்கா வீட்டுக்குப் புறப்பட்டபோது தொட்டியைத் தொட்டுச் சொன்னார்: "வந்ததும் முதல்ல இதுங்களத்தான் பார்ப்பேன். சிவப்பு சிவப்பாத் தெரிஞ்சா பிரஷ்ஷை எடுப்பேன். இல்லேன்னா தூக்கிப் போட்டுடுவேன்."

அவர் இல்லாத ஒரு மாதமும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தொட்டியின் கருமணலை அழுக்கென்று வாளியில் வாரிக் கொட்டிவிட்டு, வெள்ளைக் கூழாங்கல் பரப்பினாள். பாசியைச் சுரண்டினாள். நாலு நாளுக்கொருமுறை பாதித் தண்ணீரை மாற்றினாள். தொட்டி சலவைச் சட்டைபோல் மின்னியது. இறால்களோ வெளிறி வெளிறி, கண்ணாடிச் சில்லுகள்போல் ஆகிவிட்டன.

பதறிப்போய் வளர்ப்பு மீன்கடைக்காரரிடம் ஓடி, செய்ததையெல்லாம் சொன்னாள்.

"அதுங்களையும் வெளுத்துட்டீங்களாக்கா!" என்று அவர் தலையில் கைவைத்தார். "வெள்ளைத் தரையில பளிச்சுனு தெரிஞ்சா இறாலுக்குப் பயம். நிறத்தைக் குறைச்சுக்கிட்டு ஒளியப் பார்க்கும். தண்ணியை இப்படி மாத்துனா இன்னும் மிரளும். பழைய மணலைப் போட்டுட்டு, பாசியை வளரவிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. மூணு வாரத்துல நிறம் ஏறிடும்."

"அவரு நாளைக்கு வர்றாரே!"

மறுநாள் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன் குனிந்தார். மெல்லத் தோள் தொய்ந்தது.

"சிவப்பு போயிடுச்சுடி. டாக்டர் என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருக்காரு. அவ்ளோதான், விடு."

சொல்லிவிட்டு மூலையிலிருந்த பிரஷ் பையை எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் நடந்தார். அவர் உயிராய் வளர்த்ததைக் கெடுத்தவள் தான்தான் என்று எப்படிச் சொல்வாள்? ஆனால் அந்தப் பை போனால் அவரே போன மாதிரி அல்லவா! அவள் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினாள்.

"உங்க கண்ணு நல்லாத்தாங்க இருக்கு! நாந்தான் அதுங்களை வெளுத்துட்டேன்!" அழுகையோடு கருமணல் வாளியை இழுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள்.

அவர் மணலைப் பார்த்தார். இறாலைப் பார்த்தார். பிறகு அவளையே பார்த்தார்.

"அப்போ உன் தலை? அதையும் போன மாசந்தான் வெளுத்தியா?"

"அது பத்து வருஷமாவே இப்படித்தான். உங்களுக்குத்தான் தெரியல."

நரைத்த அந்தத் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார், அன்று பிளாஸ்டிக் பையை அணைத்திருந்தாரே, அப்படி. அடுத்த வாரமே ஏணியைத் துடைத்து வேலைக்குக் கிளம்பினார்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில், வயிறு நிறைய முட்டையோடு ஒரு இறால், தொட்டிக்குத் திரும்பியிருந்த கருமணல் மேல் வந்து நின்றது.

"என்னங்க, இங்க வாங்க!" என்று கத்தினாள் அவள். "மழையில வந்த அதே சிவப்பு!"