டெல்லி ஆட்டோவில் ஜெர்மன் பேச்சு

பிள்ளைகளே, ஜெர்மனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு டெல்லியில் வந்து இறங்கியிருக்கிறேன். மதராஸ் ரயில் புறப்பட அரைமணி நேரம்தான் இருக்கிறது. அதை விட்டால் உங்களைப் பார்க்க இன்னும் ஒரு நாள் ஆகும். எனக்கு இந்தி வராது. ஆட்டோ ஓட்டும் சர்தார்ஜிக்கு இங்கிலீஷ் வராது. ஆட்டோவோ ஆடி அசைந்து போகிறது. தவிப்பில், அங்கே தட்டுத்தடுமாறிக் கற்ற ஜெர்மன் வாயில் வந்துவிடுகிறது: "ஷ்னெல்! ஷ்னெல்!" சீக்கிரம் என்று அர்த்தம்.

சர்தார்ஜி திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ஜெர்மனிலேயே சொல்கிறார்: "ஸ்டுட்கார்ட்ல நாலு வருஷம் ஃபோர்மேன் இதையேதான் காதுல கத்தினான். ஊருக்கு வந்தும் விடமாட்டீங்களா?"

பிறகு ஆட்டோ பறக்கிறது. வழியெல்லாம் ஜெர்மனில்தான் கதை. சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் எங்களையே பார்க்கிறார்.

ஸ்டேஷனில் ரயில் இன்னும் நிற்கிறது. பெட்டியை ஏற்றிவிட்டு, "குழந்தைங்களைக் கேட்டதாச் சொல்லுங்க" என்கிறார்.

இதோ, சொல்லிவிட்டேன்.