மட்டக்கம்பும் மாமாவின் சைக்கிளும்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், நிறைய மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் பேத்தி வாங்கிவந்த பழைய சைக்கிளில் பின் டயர் உரசியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இது ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மாவின் தம்பிக்குத் தோட்டத்துத் தபால் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. சொந்தச் சைக்கிள் வேண்டும், திங்கட்கிழமை காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் ஓட்டிவந்து காட்ட வேண்டும் என்று ஆபீஸில் பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். மாமா பதுளையில் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தார். ஏறி மிதித்தால் பின் டயர் இடது பக்கக் கம்பியில் உரசி நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆண்கள் எல்லாரும் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள். ரிம் வளைந்திருக்கிறது, கல்லால் தட்டினால் சரியாகும் என்றார்கள். மாமா கல்லைத் தூக்கியேவிட்டார். அம்மா ஆண்கள் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்குத் தன் மட்டக்கம்போடு வந்து நின்றாள். தேயிலைச் செடிமேல் படுக்கவைத்து, அதற்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் கிள்ளுவதற்கான கம்பு அது. அதன் முனையை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள்.

“எங்கயும் முட்டல பாரு தம்பி. வளைவே இல்ல. சக்கரம் கோணலா குந்தியிருக்கு, அவ்வளவுதான்.”

மாமா நட்டுகளை இளக்கிச் சக்கரத்தை நடுவில் வைத்தார். ஒரு பக்கத்தை இறுக்கியதும் அது மறுபடி சாய்ந்தது. மூன்று தரமும் அப்படியே. டயருக்கு இரண்டு பக்கமும் ஒரே தடிப்பில் எதையாவது சொருகினால் நகராது என்றாள் அம்மா. ஒரே தடிப்புக்கு எங்கே போவது என்று மாமா கேட்டார். அம்மா கத்தியை எடுத்து மட்டக்கம்பிலேயே இரண்டு துண்டு நறுக்கிக் கொடுத்தாள். அவற்றைச் சொருகி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். துண்டுகளை உருவிச் சுற்றியபோது சத்தமே இல்லை. ஆள் ஏறி மிதித்தால்தான் நிச்சயம் தெரியும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

காலையில் மாமா, தானே சரிபண்ணியதாக லயம் முழுக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளோடு போனார். எனக்கு அன்று பள்ளி விடுமுறை. கொழுந்து பறிக்கிற மலைக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கங்காணி அம்மாவின் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன புள்ள, ஒன் கம்பு ஒரே ராத்திரில ஒரு சாண் கொறஞ்சிருச்சு?”

“மழையில சுருங்கிருச்சுங்க கங்காணி.”

பெண்கள் சிரித்தார்கள். நாளைக்குப் புதுக்கம்பு இல்லாமல் மலையேற வேண்டாம் என்று ஏசிவிட்டு அவர் போனார்.

அந்த நேரம் கீழே ரோட்டில் மணிச்சத்தம் கேட்டது. மாமாதான். தோளில் தோட்டத்துத் தபால் பை. ஏற்றத்தில் எழும்பி நின்று மிதித்துக்கொண்டு போனார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் திரும்பவில்லை. கையில் கிள்ளிய கொழுந்தோடு, தலையைச் சாய்த்து அப்படியே நின்றாள். சைக்கிள் வளைவைத் தாண்டிய பிறகுதான் அவள் கை மறுபடி செடிக்குப் போனது. கம்பு போச்சே என்று மாமாமேல் கோபமாக்கும் என்று நினைத்து, நானும் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. டயர் உரசுகிற சத்தம் வருகிறதா என்று அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

உரசியது இடது பக்கம்தானா என்று மட்டும், சைக்கிள் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.