வாசம் போகாத ஜாக்கெட்

இந்தக் குளிருக்குள் வீடு மாறுவதற்காகக் கறித்தூள் போத்தலைப் பெட்டிக்குள் வைத்தபோது எழுந்த வாசம், சின்ன வயதில் விட்டுவந்த பியோர்ண்டால் என்ற ஊரின் வீட்டுக்கே என்னைக் கூட்டிப்போனது. அங்கே, கடையில் கேட்டு வாங்கிய வெற்று வாழைப்பழப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து, தூள் போத்தல்கள் உடையாமலிருக்க என் குளிர் ஜாக்கெட்டை அவற்றைச் சுற்றித் திணித்தபடி, "இதைவிட மெத்தையா என்ன கிடக்கு?" என்று அம்மா சிரித்தார். புதிய பள்ளிக்கூடத்தில் என் கொளுக்கிக்கு இருபுறமும் எந்தப் பிள்ளையும் தன் ஜாக்கெட்டை மாட்டவில்லை. அம்மா தோய்த்துத் தோய்த்துப் பல்கனியில் போட்டார். ஜாக்கெட் விறைத்ததே தவிர, வாசம் போகவில்லை.

வெளியே போக, என் கையிலிருந்த தன் ஜாக்கெட்டுக்குக் கை நீட்டிய என் மகள் கேட்டாள்: "அம்மா, ஒவ்வொரு நாளும் ஏன் அதை மணந்து பாத்திட்டுத் தாறீங்கள்?"