கரும்புக்குள் கேட்ட அழுகை

அழிந்துவரும் தென்னமெரிக்கக் குரங்கையும் நம்மூர்க் காட்டுப்பூனையையும் ஒப்பிட்டுப் பள்ளியில் எழுதச் சொன்னதால், மகள் கைபேசியில் அவற்றின் குரல்களைத் தேடினாள். குரங்கு பச்சைக்குழந்தைபோல அழுதது. பூனைக்குட்டியும் அப்படியே. அந்த அழுகையை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

எனக்கு எட்டு வயதில் அம்மாவும் அப்பாவும் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டினார்கள். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் புதைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நடுப்பகலில் கரும்புக்குள்ளிருந்து அந்த அழுகை கேட்டது.

"காட்டுப்பூனைக் குட்டி அது, போவாத," என்றார் அப்பா.

"எம்புள்ள அழுதுகினு கீறான்," என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் தேடிப் போனபோது, கண் திறக்காத குட்டியை மார்போடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே தாய்ப்பூனை சீறாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க, இப்பதான் தூங்குறான்."

அப்பா குட்டியை வாங்கிக் கீழே வைத்தார். அம்மாவின் வாடை ஏறிய குட்டியைத் தாய்ப்பூனை முகர்ந்துபார்த்துவிட்டு, அதை விட்டுத் தனியே போய்விட்டது.

அம்மா குட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சில நாளில் நானும் அப்படியே கூப்பிட்டேன்.