கொச்சிக்குப் போக ஒரு காரணம்

கொச்சிக்குப் போக வேண்டும் என்பதற்கு என் மனைவி நாலு வருஷமாகக் காரணங்கள் சேர்த்துக்கொண்டிருந்தாள். செய்தித்தாளில் ஏதாவது வந்தால் கத்தரித்து, சமையலறை அலமாரியில் விரித்திருக்கும் காகிதத்துக்கு அடியில் வைப்பாள். போனில் வீடியோ வந்தால், நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துச் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

"கடலோரத்துல சீனாக்காரன் வலையாம். தராசுத்தட்டு மாதிரி இறக்கி ஏத்துறாக. கல்லக் கட்டித் தொங்கவிட்டு அஞ்சாறு ஆளு இழுக்காக."

"வலை பாக்கணும்னா தூத்துக்குடி பஸ்ஸு ஏறு."

"பழைய கோடவுன்ல எல்லாம் படம் வரைஞ்சு வைக்காகளாம். வெளிநாட்டு ஆளுகள்லாம் வந்து பாத்துட்டுப் போறாக."

"கோடவுன் நம்மகிட்டயே இருக்கு. சுண்ணாம்பு வாங்கித் தாரேன், நீ வரை."

மெட்ரோ என்று தண்ணீரில் படகு ஓடுகிறது, யூதர்கள் இருந்த தெரு அப்படியே இருக்கிறது, ராத்திரி முழுக்க வேஷம் கட்டி ஆடுகிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். வேஷம் கட்டுவதற்கு அத்தனை தூரம் போவானேன், திருச்சுழி தாலுகா ஆபீஸுக்குப் போனால் போதாதா என்றேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையான காரணம் ஒன்றுதான். அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் ஒரே மகள் அங்கே இருந்தாள்.

எனக்கு அருப்புக்கோட்டையில் சாக்குக் கடை. சாக்கு, கயிறு, தார்ப்பாய். மழை பெய்து நரிக்குடிப் பக்கம் கண்மாய் நிறைந்தால் நெல்லுக்குச் சாக்கு போகும். பெய்யாவிட்டால் சாக்கின் மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். பழைய சாக்குகள் துறைமுக ஊர்களிலிருந்து லோடாக வரும். அவற்றின் மேல் ஊர்ப் பெயர் அச்சடித்திருக்கும். மகள் எழுத்துக் கூட்டப் படித்தது பாதி பள்ளிக்கூடத்தில், பாதி அந்தச் சாக்குகளில். கொச்சி என்று போட்ட சாக்கில் மிளகு வாசனை அடிக்கும். அதை முகர்ந்து பார்த்துத் தும்முவாள். தும்மிவிட்டு மறுபடி முகர்வாள். இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, படித்துப் பெரியவளாகிப் போய்ப் பார் என்று சொன்னவன் நான்தான்.

போனாள். வேலை கிடைத்துப் போனவள், கூட வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். அந்த வித்தியாசம்தான் என்னைச் சுட்டது. "நல்லது கெட்டது எதுக்கும் எங்களக் கூப்பிடாத. ஒரு சேதியும் எங்களுக்கு வரக் கூடாது" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று மாலையே மனைவியைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, மகளோடு பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். எனக்குத் தெரியாமல் அவள் அதை மீறுவாள் என்று உள்ளூர நம்பியிருந்தேன். மீறியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் மீறவில்லை. கத்தரித்த காகிதங்களை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும். அண்ணன் தம்பி வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லாவிட்டால் போக மாட்டோம். அழைக்காமல் போனவன் பந்தியில் உட்கார்ந்தால் அவன் இலையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அழைக்கவே கூடாது என்று நானே வாயால் சொல்லிவிட்டேன். அவள் எப்படி அழைப்பாள்? அழைக்காத வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? மனசு போவோம் என்று சொன்ன நாட்களும் உண்டு. கால் நகரவில்லை. வீம்பு என்று மனைவி சொல்வாள். கடையில் சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று எனக்குப் பேர். அந்தப் பேரை வீட்டுக்கும் கொண்டுவந்தது என் தப்பு.

போன தை மாதம், பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் பாய் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மகன் கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தான்.

"பய கொச்சியில இறங்கித்தான் வந்தான் அண்ணாச்சி. நம்ம பாப்பாவப் பாத்துட்டு வந்திருக்கான். நல்லா இருக்காம். மாமனார்தான் மவுத்தாகி மூணு மாசமாச்சாமே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

சம்பந்தி இறந்தது தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். அவர் போனதும் முதலில் வந்தது கோபம். மூணு மாசம்! ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சாக்குக் கட்டு ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். கட்டி முடிக்கும்போது, ஒரு சேதியும் வரக் கூடாது என்று சொன்னது யார் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு கோபத்தை வைக்க இடமில்லை.

மத்தியானம் வீட்டில் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"துட்டி கேக்கணும்" என்றாள். இறந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"மூணு மாசம் ஆயிருச்சு."

"மூணு வருசம் ஆனாலும் கேக்காத துட்டி கேக்காத துட்டிதான். அதுக்கு யாரும் வந்து அழைக்க மாட்டாக. பகையாளி வீடுன்னாலும் போகணும். நரிக்குடியில உங்க பங்காளி, பன்னெண்டு வருசம் பேச்சுவார்த்தை இல்ல. அவுக ஆத்தா செத்ததுக்கு நீங்க போகலையா?"

போயிருந்தேன். கை கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தேன். கணக்கில் இருந்த மற்றொரு பாதியை அவள் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள். நல்லதுக்கு அழைக்க வேண்டும். கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும்.

நாலு வருஷத்தில் அவள் சொன்ன காரணங்களில் எனக்குப் பதில் இல்லாத காரணம் இது ஒன்றுதான். நான் என் மகளைப் பார்ப்பதற்கு, முகம் தெரியாத ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் துட்டிக்கு ஆகாது என்று நாள் பார்த்து, புதன்கிழமை கிளம்பினோம். மகளுக்குப் பிடிக்கும் என்று அரைக் கிலோ காராச்சேவு வாங்கிப் பையில் வைத்தாள். துட்டிக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும் என்று வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். கடைசியில் எடுத்து, டப்பாவில் போட்டு மூடிவிட்டு வந்தாள். மதுரைக்குப் பஸ், அங்கிருந்து ரயில். வியாழக்கிழமை காலையில் எர்ணாகுளத்தில் இறங்கி, மகளின் முகவரி எழுதிய சீட்டை ஆட்டோக்காரரிடம் நீட்டினேன். பாயின் மகன் எழுதிக் கொடுத்த சீட்டு.

பாலம் பாலமாக ஏறி இறங்கியது ஆட்டோ. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். எங்கள் ஊர்க்காரனுக்கு அது பொறாமையைத்தான் தரும். துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. கப்பல் ஒன்று தெருவில் நிற்கும் லாரி மாதிரி சாதாரணமாக நின்றது. ஒரு வளைவில் அந்த வலைகளும் தெரிந்தன.

"இந்தா, நீ சொன்ன வலை" என்றேன்.

அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "துட்டிக்குப் போறப்ப வேடிக்கை பாக்கக் கூடாதுங்க" என்றாள். நாலு வருஷம் பேசிய வலை. அதைக் கடந்து போனோம்.

ஆறாவது மாடி. கதவைத் திறந்தது சம்பந்தியம்மா. நாங்கள் யாரென்று ஒரு நொடியில் தெரிந்துகொண்டு, முகமெல்லாம் மலர, "வரூ, வரூ" என்றார். துட்டி வீட்டில் யாரும் வா என்று சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் துக்கம் முடிந்துபோயிருந்தது. டிவி ஓடியது. சாப்பாட்டு மேசையில் நேந்திரங்காய் பாதி நறுக்கியபடி கிடந்தது. இந்த வீட்டில் எதைப் போய் விசாரிப்பது என்று நான் தயங்கி நின்றேன்.

மனைவி தயங்கவில்லை. வாசலிலேயே தலைமுடியை அவிழ்த்தாள். "ஏ மதினீ..." என்று குரலெடுத்து, அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுதாள். எங்கள் ஊரில் தெருமுனையிலேயே தொடங்கும் அழுகை அது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மாடிப்படியில் இருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. ஒரு நாளும் பார்த்திராத மனிதரைப் பற்றி, மகராசன் போயிட்டீகளே என்று அவள் அழுதாள். யாருக்காக அழுகிறாய் என்று கேட்கும் உரிமை துட்டி வீட்டில் யாருக்கும் இல்லை. நாலு வருஷத்தையும் அவள் அங்கே இறக்கினாள்.

சம்பந்தியம்மா முதலில் விறைத்து நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. பிறகு அவரும் வாய்விட்டு அழுதார். இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மருமகன் வந்தார். எங்கள் வழக்கப்படி ஆண்கள் அழுவதில்லை. இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல் நீட்டுவோம். துக்கத்துக்குரியவர் அதைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார். அவ்வளவுதான், நகர்ந்துவிட வேண்டும். நான் கைகளை நீட்டினேன். அவருக்கு இது தெரியாது. நீட்டிய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. எடுத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் மகள் நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட்டாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் முறை தெரிந்தவள். வாங்க என்று சொல்லவில்லை. போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பேராக அழுதார்கள்.

அழுகை ஓய்ந்ததும் சம்பந்தியம்மா ஏதோ சொன்னார். மகள் எங்களுக்குச் சொன்னாள். "வந்தவுக எல்லாரும் மெதுவாப் பேசிட்டுப் போயிட்டாகளாம். சத்தமா அழ ஆள் இல்லாம மூணு மாசமா நெஞ்சு அடைச்சுக் கெடந்துச்சாம்."

டீ வந்தது. துட்டி வீட்டில் தண்ணீர் மட்டும்தான் குடிப்போம், அதனால் வேண்டாம் என்றோம். மகள் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"ஏம்மா ஒரு சேதி சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்கதானப்பா சொல்லாதன்னீக."

அதில் கோபம் இல்லை. சொன்ன சொல்லை மாற்றாத பிள்ளை. என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றாகவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் இருந்திருப்போம். மனைவி எழுந்து முடியை முடிந்துகொண்டாள். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. போயிட்டு வாரேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும். எழுந்தோம், திரும்பிப் பார்க்காமல் நடந்தோம் என்று இருக்க வேண்டும். அவள் அப்படியே விடுவிடுவென்று நடந்து லிஃப்ட் பக்கம் போய்விட்டாள். நானும் போனேன்.

மகள் வாசல் வரை வந்து நின்றாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தோம்.

லிஃப்ட் வந்தது. ஏறினோம். கதவு மூடினால் முடிந்தது. முறைப்படி வந்தோம், முறைப்படி போகிறோம். அடுத்த முறை வர வேண்டுமென்றால் அந்த வீட்டில் இன்னொருவர் சாக வேண்டும். அந்தக் கணக்கு அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. என் காலடியில் லிஃப்ட் லேசாக ஆடியது. நான் வெளியே இறங்கி வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

"வாரேம்மா" என்றேன்.

மனைவி லிஃப்டுக்குள் நின்றபடியே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க! துட்டி வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுங்க!"

"தெரியும்" என்றேன். இன்னொரு தரமும் சொன்னேன். "வாரேன்."

மகள் வெறுங்காலோடு ஓடிவந்து, மூடப்போன லிஃப்ட் கதவை இரண்டு கையாலும் தடுத்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை.

"எப்பப்பா?" என்றாள்.

எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. என்ன காரணம் சொல்லிக்கொண்டு வருவது என்றும் தெரியவில்லை. சத்தியம் செய்த நாளிலிருந்து மகளிடம் ஒரு வார்த்தை பேசாத என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"அடுத்த மாசம் வாரோம். உங்கப்பாவுக்கு அந்த வலையப் பாக்கணுமாம்."