தங்கச்சியின் கடல்

கனடாவிலிருந்து வந்த என் தங்கை முதலில் கேட்டது கடலைத்தான். திருகோணமலையில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். அது போதாதாம். நிலாவெளியில் அறை எடுத்து, குடும்பமாக இரண்டு நாள் தங்க வேண்டுமாம். அரை மணித்தியாலம் பஸ்ஸில் போனால் வருகிற இடத்தில் போய் யாராவது படுத்துக் கிடப்பார்களா என்று கணவரிடம் முணுமுணுத்தேன். அவர் அதற்குள் பாதிப் பையை அடுக்கி முடித்திருந்தார்.

நானும் அடுக்கினேன். என் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியும், தண்ணீர் அள்ள ஒரு பேணியும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு நாங்கள் வாளியோடுதான் போவோம். கடலுக்கும் நான் அப்படியே போய்ப் பழகிவிட்டேன். அலை வந்து திரும்புகிற இடத்தில் குனிந்து கடலை வாளியில் பிடித்து, மேலே கொண்டுவந்து, என் பத்து வயது மகளின் தலையில் ஊற்றுவேன். கடல் குளிப்பு என்றால் அவளுக்கு அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு நான் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை, அவளை நனைய விட்டதுமில்லை.

நிலாவெளி மணலில் வைத்த வாளியைப் பார்த்துத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மகளும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. போன மாதம்கூட அந்த வாளித் தண்ணீருக்கு ‘இன்னும், இன்னும்’ என்று துள்ளியவள் அவள்.

தங்கை தண்ணீருக்குள் போனாள். போனாள் என்றால், தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரியும்வரை போய், நிதானமாகத் திரும்பி வந்தாள். மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிச் சித்தியின் கையைப் பிடித்தாள். நான் வாயைத் திறக்குமுன் கணவர் ஓம் சொல்லிவிட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் என் பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, முதுகுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துக்கொண்டு நின்றாள் தங்கை. சுனாமியன்று ஒரே அலைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். ஒரே பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில்தான் ஈர உடுப்போடு கிடந்தோம். பிறகு அவள் குளிர் தேசத்துக்குப் போய், கூரை போட்ட குளத்தில் நீந்தப் பழகி, இப்போது என் ஊர்க் கடலில் என் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. கரையில் நின்று, காதுக்குள் தண்ணீர் போகும், தூரப் போகாதே, கால் இழுக்கும் என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தேன். அன்று மகள் சித்தியின் அறையில்தான் படுத்தாள்.

மறுநாள் காலை, இறக்கக்கண்டிக்கு அங்கால் ஒரு பாறைக்குன்றில் ஏறப் போனோம். அதுவும் தங்கையின் யோசனைதான். அவள் மலையேறுவதற்கென்றே சப்பாத்து கொண்டுவந்திருந்தாள். என்னுடையது றப்பர் செருப்பு. பாதி வழியில் வார் அறுந்தது. வெயில் ஏறிய பாறையில் வெறுங்காலோடு ஏறினேன். உச்சியில் ஒரு குரங்கு வந்து, விடுதிக் குசினியில் கெஞ்சிக் கேட்டு நான் விடியவே சுட்ட ரொட்டிப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனது. எங்கள் கண் முன்னாலேயே பிரித்துத் தின்றுவிட்டு, சம்பலை மட்டும் எறிந்தது. தங்கை பையிலிருந்து சொக்கிலேற் எடுத்து நீட்டினாள். ரொட்டி போன கவலை மகளுக்கு அத்தோடு தீர்ந்தது.

இறங்கும்போது தங்கை சறுக்கி விழுந்து, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பாவம் என்று வாயால் சொன்னேன். உள்ளே எனக்கு நல்ல சந்தோஷம். இனி இவள் தண்ணீரில் இறங்க மாட்டாள் அல்லவா? பையிலிருந்து தைலத்தை எடுத்தேன். மகள் அதை என் கையிலிருந்து பறித்து, சித்தியின் காலை மடியில் வைத்துப் பூசிவிட்டாள். என் உள்ளங்கால் கொப்பளித்திருந்ததை அவள் காணவில்லை.

பின்னேரம் பார்த்தால், சுளுக்குக்கு உப்புத்தண்ணீர் நல்லது என்று சொல்லி, நொண்டி நொண்டித் தங்கை கடலுக்குள் இறங்கிவிட்டாள். மகளும் கூடவே. அதற்கு மேல் என்னால் கரையில் இருக்க முடியவில்லை. சல்வாரோடு இறங்கினேன். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. எனக்குப் பல் கிடுகிடுத்தது. ஆனாலும் போனேன். என் பிள்ளைக்குப் பக்கத்தில் நான்தானே நிற்க வேண்டும்?

தங்கையின் கைகளில் மல்லாந்து கிடந்த மகள் என்னைக் கண்டதும் விறைத்தாள். அலை முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே சித்தியின் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள்.

“அம்மா, நீங்கள் கரைக்குப் போங்கோவன்.”

“நான் உன்னோட நிக்கத்தானே வந்தனான்.”

“ஓம். ஆனா நீங்கள் கிட்ட நிண்டா எனக்குப் பயம் வருது. உங்கட முகத்தைப் பாத்தா தண்ணிக்குள்ள தாண்டு போயிடுவன் போல கிடக்கு.”

தங்கை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை பிடிக்க எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

திரும்பிக் கரையேறினேன். ஈரச் சல்வார் காலில் ஒட்டி ஒட்டித் தடுக்கியது. மணலில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மகள் தற்செயலாகக் கரையைப் பார்த்தாலும் என் முகம் தெரியக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் கணவர் என் தோளைத் தட்டினார்.

“இஞ்சருமப்பா, திரும்பிப் பாரும். தங்கச்சி கையை எடுத்திட்டா. பிள்ளை தனிய மிதக்கிறாள்.”

என் பிள்ளை முதன்முதலாகத் தனியே மிதந்ததை அவர் பார்த்தார், தங்கை பார்த்தாள். நான் விடுதியின் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.